தீர்ந்துபோன ரம்மும் மாய் தாய்ப் பாணிகளும்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "பார் பக்கத்திலிருந்து ஏதாவது எழுதுங்க சார், சமையல் பக்கம் ஏற்கெனவே ஆறு கட்டுரை சேர்ந்துவிட்டது" என்றார்கள். பிரியாணிக்கும் செட்டிநாட்டு மசாலாவுக்கும் நடுவே ஒரு கோப்பையை வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. கேட்டரிங் படித்துவிட்டுப் பதினான்கு ஆண்டுகள் பயணிகள் கப்பல்களில் பார் வேலை பார்த்தவன் நான். ஆயிரம் காக்டெயில்களில் ஒன்றை மட்டும் எடுத்து எழுது என்றால் எதை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. மாய் தாய்தான்.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அம்மா வேலையைப் பற்றி விசாரித்தாள். நானும் அதிகம் விற்கிற சரக்கின் பெயரைச் சொன்னேன். "என்னது, மை தாயா? பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்ல பேரு வெச்சு அதுல சாராயத்தை ஊத்துறாங்களா?" என்றாள். தாஹித்தி மொழியில் 'அருமை' என்று அர்த்தம் என விளக்கினேன். "குடிக்கிறவனுக்கு எல்லாமே அருமைதான்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை ஆயத் தொடங்கிவிட்டாள்.

நாட்டியத்தில் பந்தநல்லூர் பாணி என்கிறோம், வழுவூர் பாணி என்கிறோம். ஆடுவது ஒரே அலாரிப்பு, ஒரே வர்ணம். அரைமண்டி எவ்வளவு ஆழம், கை எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. கலவை மதுவிலும் இப்படி வீடுகள் உண்டு. மாய் தாயில் மட்டும் ஒரு விசேஷம். மற்ற கலைகளில் குருவைச் சுற்றிப் பாணி வளரும். இதில் பாணிகள் எல்லாம் காலியாகிப்போன ஒரு புட்டியைச் சுற்றி வளர்ந்தன. எந்த ரம்முக்காக இந்தக் கலவை பிறந்ததோ அந்த ரம் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிட்டது. அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதற்கு ஒவ்வொருவர் சொன்ன பதிலும் ஒரு பாணியாக நின்றது.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஓக்லண்ட். 1902இல் பிறந்த விக்டர் ஜூல்ஸ் பெர்ஜரான் அங்கேதான் 1934இல் 'ஹிங்க்கி டிங்க்ஸ்' என்று ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார். சிறுவயதில் வந்த காசநோய் முழங்காலைத் தாக்கி ஒரு காலை எடுக்கும்படி ஆகியிருந்தது; மரக்கால் வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் சுறா கடித்துவிட்டது என்று கதை அளப்பாராம். ஆள் அப்படி. ஹவானாவுக்குப் போய் அங்கே டைக்கிரி எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்தார். லாஸ் ஏஞ்சலஸ் போய் 'டான் த பீச்காம்பர்' என்ற கடையில் மூங்கிலும் மீன்வலையும் ரம்மும் சேர்ந்து காசாவதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் தன் கடையையும் தென்கடல் தீவு மாதிரி மாற்றி 'டிரேடர் விக்ஸ்' என்று பெயர்ப் பலகை மாட்டினார்.

1944இல் ஒரு நாள் அவர் கையில் இருந்தது ஜமைக்காவின் ஜே. ரே அண்ட் நெஃப்யூ கம்பெனியின் 17 வருட ரம். ஜமைக்கா ரம் என்றால் என்னவென்று இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெல்லப்பாகுக் கழிவான மொலாசஸைப் பல நாள் புளிக்க வைப்பார்கள். முந்தைய வடிப்பில் மிஞ்சிய வண்டலைச் சில ஆலைகளில் அதோடு சேர்ப்பதும் உண்டு. அதற்கு 'டண்டர்' என்று பெயர். பிறகு செம்புப் பானைகளில் வடிப்பார்கள். இப்படி வரும் சரக்கில் ஒரு வாசம் இருக்கும். புத்தகங்கள் கனிந்த வாழைப்பழம் என்றும் அன்னாசி என்றும் எழுதும். என் மூக்கைக் கேட்டால், பழுத்து வெடித்த பலாப்பழத்தை மூடிய அறையில் இரண்டு நாள் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் வரும் வாசம் என்பேன். அதைப் 17 ஆண்டு ஓக் பீப்பாயில் வைத்தால் அந்த முரட்டுத்தனம் அடங்கி, பொன்னிறமாக, கனமாக வரும். அதற்குத் தக்க ஒரு கலவை செய்ய வேண்டும் என்பதுதான் விக்கின் எண்ணம்.

அவர் போட்ட கணக்கை மில்லியில் சொல்கிறேன். ரம் 60, நம்மூர்ப் பேச்சில் ஒரு லார்ஜ். ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு முழுக்க. ஹாலந்து ஆரஞ்சு க்யூரசாவ் 15. பிரெஞ்சு பாதாம் சர்பத்தான ஓர்ஷா ஏழரை. கற்கண்டுப் பாகு ஏழரை. சீவிய ஐஸ் நிறையப் போட்டுக் குலுக்கி, வடிகட்டாமல் அப்படியே குட்டையான பெரிய கிளாசில் ஊற்ற வேண்டும். பிழிந்த எலுமிச்சையின் ஒரு பாதியை மேலே மிதக்க விட்டு, பக்கத்தில் புதினாக் கொத்து ஒன்றைச் செருக வேண்டும். கிளாசைக் குனிந்து பார்த்தால் கவிழ்ந்த எலுமிச்சைத் தோல் தீவாகவும் புதினா தென்னையாகவும் தெரியும். அலங்காரம் அவ்வளவுதான். குடை, செர்ரி, அன்னாசித் துண்டு எதுவும் இல்லை.

தாஹித்தியிலிருந்து வந்திருந்த நண்பர்களான ஹாம் கில்ட், கேரி கில்ட் தம்பதிக்கு அதைக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் கேரி தாஹித்தி மொழியில் 'இவ்வுலகத்து அருமை இல்லை' என்கிற பொருள்படச் சொன்ன வார்த்தையின் முதல் பகுதியே பெயரானது என்பது விக் சொன்ன கதை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ரம்மைத் தவிர மற்றவற்றின் அளவு. பாதாம் ஏழரை மில்லி என்றால் ஒன்றரை டீஸ்பூன். வாயில் பாதாம் தூக்கலாகத் தெரியக் கூடாது, அது இல்லாவிட்டால் மட்டும் குறை தெரிய வேண்டும். பெருங்காயம் மாதிரி. க்யூரசாவின் வேலை ஆரஞ்சுத் தோலின் கசப்பைத் தொட்டுக் காட்டுவது. கரீபியன் கடலில் இருக்கும் க்யூரசாவ் தீவில் ஸ்பானியர்கள் கொண்டுபோய் நட்ட ஆரஞ்சு அந்த வறண்ட மண்ணில் வாயில் வைக்க முடியாத கசப்பாகப் போனது. ஆனால் காயவைத்த தோலில் மணம் இருந்தது. நார்த்தங்காயை உப்பில் போட்டுக் காயவைத்துக் காப்பாற்றிய நமக்கு அந்தச் சாமர்த்தியம் புரியும். கற்கண்டுப் பாகு எலுமிச்சையின் புளிப்பை நிமிர்த்திப் பிடிக்கிறது. ஆக நான்கு பேரும் பக்கவாத்தியம்; பாடுவது ரம்.

இதன் முன்னோர்களைத் தேடினால் கதை நம் கரைக்கே வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குடித்த 'பஞ்ச்' என்ற பானத்தின் பெயர் ஐந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம், மறுப்பவர்களும் உண்டு. அந்தப் பானத்தின் பெயர் எழுத்தில் முதலில் கிடைப்பது 1632ஆம் வருஷத்துக் கடிதம் ஒன்றில். சோழமண்டலக் கரையின் வடக்கே ஆந்திரப் பகுதியில் இருந்த பண்டகசாலையில் வேலை பார்த்த கம்பெனி ஆள் ஒருவருக்கு எழுதப்பட்ட கடிதம் அது. சாராயம், புளிப்பு, இனிப்பு, தண்ணீர், மசாலா. அந்த அடுக்கு கப்பலேறி ஜமைக்காவுக்குப் போய் அங்கே தோட்டக்காரர்களின் பஞ்ச் ஆயிற்று. ஒரு பங்கு புளிப்பு, இரண்டு இனிப்பு, மூன்று சரக்கு, நான்கு தண்ணீர் என்று அங்கே பிள்ளைகளுக்கும் வாய்ப்பாடாகத் தெரியும். மாய் தாய் அந்த வம்சத்துப் பேத்தி.

நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது. எர்னஸ்ட் ரேமண்ட் பியூமான்ட் கான்ட் என்று பிறந்து, டான் பீச் என்று பெயரை மாற்றிக்கொண்ட மனிதர்; அந்த 'டான் த பீச்காம்பர்' கடைக்காரர். 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. முடிந்த கையோடு ஹாலிவுட்டில் கடை திறந்தார். விஸ்கி விலை ஏறிக் கிடந்த நேரம்; ரம் மலிவு. அவருடைய பாணிக்கு ஒரே சூத்திரம்: ஒரு ரம்மால் முடியாததை மூன்று ரம் சேர்ந்து முடிக்கும். ஜமைக்காவின் கனம், கியூபாவின் மெலிவு, கயானாவின் டெமராரா ரம்மில் இருக்கும் கருகல் வாசம் ஆகியவற்றை ஒரே கிளாசில் அடுக்குவார். மேலே திராட்சைப்பழத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத கிரேப்ஃப்ரூட் சாறு, லவங்கப்பட்டைப் பாகு, பார்படோஸ் தீவின் இஞ்சி, கிராம்பு மணக்கும் ஃபலர்னம், அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு, சோம்பு வாடையுள்ள பெர்னோ ஒரு சொட்டு. அவருடைய 'ஸாம்பி' என்ற கலவையை ஒரு ஆளுக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்று கடையில் சட்டம். எண்ணூறு மசாலாவும் போட்டுவிட்டு எதையும் தனியாகத் தெரியவிடாத செட்டிநாட்டு ஆச்சியின் கை அந்தப் பாணி.

மாய் தாயை நான்தான் முதலில் செய்தேன் என்று டான் தரப்பும் உரிமை கொண்டாடியது. 1933 என்று ஆண்டும் சொன்னார்கள். அந்தப் பெயரில் அவர்கள் காட்டும் கலவையை நான் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு ரம், கிரேப்ஃப்ரூட், ஃபலர்னம், ஆரஞ்சு மதுவான க்வான்ட்ரோ, பெர்னோ. நல்ல பானம்தான். ஆனால் அதில் பாதாம் இல்லை, கற்கண்டுப் பாகு இல்லை, தனி ரம்மைக் காட்டும் எண்ணம் இல்லை. ராகமே வேறு. டானின் இன்னொரு பானமான 'க்யூ.பி. கூலரின்' சுவையைத்தான் விக் வேறு பொருள்களால் பிடிக்கப் பார்த்தார் என்பது, 'டிக்கி' எனப்படும் இந்தத் தென்கடல் பாணிக் கலவைகளின் வரலாற்றாசிரியர் ஜெஃப் பெர்ரியின் யூகம். அது இருக்கலாம். குருவின் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து சிஷ்யன் வேறு ராகத்தில் போட்டால் அது சிஷ்யன் பாட்டுதான். 1970இல் டான் பெயரில் ரெடிமேட் கலவை விற்ற கம்பெனி மேல் விக் வழக்குப் போட்டார். தீர்வு அவர் பக்கமே வந்தது. மலர் வாசகர்கள் யார் பக்கம் வேண்டுமானாலும் இருக்கலாம். நான் ஓக்லண்ட் கட்சி.

டான் வீட்டில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. சூத்திரத்தை வெளியே விடக் கூடாது என்று புட்டிகளில் பெயரே எழுத மாட்டார். 'டான்ஸ் மிக்ஸ்', 'ஸ்பைசஸ் நம்பர் 2' என்று எண் மட்டும். கவுன்ட்டரில் நின்று கலக்குகிறவருக்கே தான் ஊற்றுவது இன்னதென்று தெரியாது. கலக்கியவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். முதலாளி படத்தோடு மெனு கார்டு அச்சாகும். பின்னறையில் ஐஸ் உடைத்து, எலுமிச்சை பிழிந்து, கணக்குப் பிசகாமல் குலுக்கியவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்களில் ரே பூஹன் 1961இல் லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் பூல்வாரில் 'டிக்கி-டி' என்று தனக்கென்று ஒரு சின்ன பார் திறந்தார். பிறகு குடும்பமே அதை நடத்தியது. டான் கடையில் வேலை பார்த்த இன்னொருவர் 1937இல் சட்டைப்பையில் வைத்திருந்த நோட்டுப் புத்தகம் பல பத்தாண்டுகள் கழித்து பெர்ரி கைக்கு வந்துதான் ஸாம்பியின் மூல அளவு உலகுக்குத் தெரிந்தது. அவர் 2007இல் அதைப் புத்தகமாகப் போட்டார். அதுவரை அறுபது, எழுபது வருஷம் உலகம் முழுக்க ஸாம்பி என்று குடித்ததெல்லாம் யூகம்.

விக் மட்டும் சளைத்தவரா? 1947இல் அவர் போட்ட பார்ட்டெண்டர் புத்தகத்தில் மாய் தாய் இல்லை. 1972இல் திருத்திய பதிப்பில்தான் அளவு அச்சேறியது. அதற்குள் மூல ரம் போய்விட்டிருந்தது.

எப்படிப் போனது? மாய் தாய் விற்ற வேகத்தில் போனது. 17 வருட ரம்மை அவசரத்துக்கு வடிக்க முடியாது. இன்று ஊற்றிவைத்தால் பதினேழு தீபாவளி காத்திருக்க வேண்டும். சரக்கு அருகியதும் 15 வருட ரம்முக்கு இறங்கினார். அதுவும் குறைந்ததும் ரெட் ஹார்ட், கொரூபா ஆகிய கறுத்த ஜமைக்கா ரம்களைக் கலந்து இழுத்தார். பிறகு மார்த்தினிக் தீவின் ரம்மைச் சேர்த்து இரண்டும் பாதிப்பாதி என்று ஒரு நிலைக்கு வந்தார். ஒரு பாடகர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் குரலுக்கு இரண்டு பேரைச் சேர்த்துப் பாடவைத்த மாதிரி.

இந்த 'மார்த்தினிக் ரம்' என்ற இரண்டு வார்த்தை பின்னால் பெரிய சண்டையைக் கிளப்பியது. மார்த்தினிக் என்றதும் இன்றைக்கு எல்லோருக்கும் நினைவு வருவது மொலாசஸ் இல்லாமல் கரும்புச்சாற்றையே நேராகப் புளிக்கவைத்து வடிக்கும் 'அக்ரிகோல்' ரம். 1996இல் பிரான்ஸ் அதற்குப் பிறப்பிடப் பாதுகாப்பு முத்திரையே கொடுத்துவிட்டது. அதன் மணம் புல்லும் கரும்புத் தோகையும் கலந்தது. பழைய காக்டெயில்கள் மறுபடி உயிர்பெற்ற காலத்து பார்ட்டெண்டர்கள் விக்கின் எழுத்தைப் படித்துவிட்டு அந்த ரம்மையே ஊற்றினார்கள். சுவை நன்றாகவும் இருந்தது. ஒரு பாணியாகவே ஊன்றிவிட்டது. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் 2009இல் 'ஸ்மக்ளர்ஸ் கோவ்' பாரைத் திறந்த மார்ட்டின் கேட் போன்றவர்கள் பழைய குறிப்புகளைத் துருவினார்கள். விக் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்த மார்த்தினிக் ரம் பெரும்பாலும் மொலாசஸில் வடித்த, காப்பி நிறத்துக் கனத்த சரக்கு; அவர் சொன்னது அதைத்தான் என்றார்கள். ஆதாரம் அவர்கள் பக்கம் வலுவாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் அக்ரிகோல் ஊற்றிய மாய் தாயைத் தப்பு என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. பாடபேதம் சில சமயம் மூலத்தைவிட அழகாக அமைந்துவிடுகிறது.

மார்த்தினிக் என்று எழுதும்போது பேனா தானாக நிற்கிறது. 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் இல்லை. 1853இல் 'ஓரேலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அங்கே இன்றும் மாரியம்மனுக்கு ஆடு வெட்டிப் படையல் போடும் குடும்பங்கள் உண்டு. பெயர் தேய்ந்து 'மாலியெமின்' ஆகிவிட்டது. கப்பல் நிற்கும் ஒரு பகல் பொழுதில் அங்கே சந்தைக்குப் போயிருக்கிறேன். மீன் விற்ற அம்மாளின் முகம் எங்கள் தெருவில் இட்லி விற்ற அக்காவின் முகம். தமிழ் ஒரு சொல் தெரியாது. ரம் ஆலையைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி செம்புத் தூண் வடிகலனின் உயரத்தைச் சொன்னார், பீப்பாயின் வயதைச் சொன்னார், கரும்பை யார் வெட்டினார்கள் என்ற பேச்சு வரவில்லை.

ஹவாய்ப் பாணிக்கு வருவோம். எனக்குச் சோறு போட்டது அதுதான், ஆனாலும் நான் அதிகம் மதிக்காத பாணி. 1953இல் மேட்சன் கப்பல் கம்பெனி தன் ஹோட்டல்களுக்குக் கலவைகள் அமைத்துத் தர விக்கை ஹோனலூலுவுக்கு அழைத்தது. 1927இல் திறந்த, இளஞ்சிவப்பு நிற ராயல் ஹவாயன் ஹோட்டல் அதில் ஒன்று. விக் கொண்டுபோனது பழைய ஓக்லண்ட் சங்கதிதான். ஆனால் சுற்றுலாப் பயணிக்கு ஹவாய் என்றால் அன்னாசி. அவன் கையில் கொடுக்கிற கிளாசில் அன்னாசி இல்லையென்றால் முகம் வாடிவிடும். அன்னாசிச் சாறு வந்தது, பின்னாலேயே ஆரஞ்சுச் சாறு வந்தது, கறுத்த ரம் மேலே மிதக்கும் படலமாக ஏறியது. 1959இல் ஹவாய் அமெரிக்க மாநிலமானது, ஜெட் விமானம் வந்தது, 1961இல் எல்விஸ் பிரெஸ்லியின் படம் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாகச் சாறும் பெருகியது.

அலங்காரத்தில் மட்டும் அந்தத் தீவுக்கு நான் தலைவணங்குவேன். வைக்கிகியில் ஹாரி யீ என்ற பார்ட்டெண்டர் 1950களில் கிளாசில் கரும்புத் துண்டு செருகிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அதைச் சவைத்துவிட்டுச் சக்கையை ஆஷ்டிரேயில் போட்டார்கள். சாம்பலும் கரும்புச்சாறும் பிசுபிசுவென்று ஒட்டிக் கழுவி மாளவில்லை. கரும்பை எடுத்துவிட்டு ஆர்க்கிட் பூவை வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கத் தீவுக் கலவைகளில் ஆர்க்கிட் பூ இருப்பதற்கு மூலம் ஒரு கிளீனிங் பிரச்சினை. நம் தொழிலில் பாதி மரபு இப்படித்தான் பிறக்கிறது.

நான் சேர்ந்த முதல் கப்பலில் மாய் தாய் பிளாஸ்டிக் கேனில் வரும். சிவப்பாக இருக்கும். ஒரு பங்கு கேன், ஒரு பங்கு வெள்ளை ரம், ஒரு செர்ரி. ஒரு சாயங்காலம் முந்நூறு போகும். வயதான பயணி ஒருவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு கிளாசை என் பக்கம் மெதுவாக நகர்த்தினார். "இதற்கு ஏன் இந்தப் பெயர்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பின்னறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் சீனியர். அவர்கள் வழக்கப்படி 'குயா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். குயா சிரித்துவிட்டு, டியூட்டி முடிந்ததும் வா என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். எலுமிச்சையைப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தரம் உருட்டு. குறுக்கே வெட்டி மெதுவாகப் பிழி. கடைசிச் சொட்டுக்காக அழுத்தினால் வெள்ளைத் தோலின் கசப்பு இறங்கும். பிழிந்தது அன்றைக்கே காலியாக வேண்டும். ஐஸ் ரொம்பப் பொடியாக வேண்டாம், நொறுக்கிய கற்கண்டு அளவு. ஷேக்கரில் பத்து எண்ணும்வரை குலுக்கு. உலோகத்தில் வெண்பனி படர்ந்து விரல் ஒட்டினால் போதும். ஐஸ் கரைந்த தண்ணீரும் கணக்கில் ஒரு பொருள். அது குறைந்தால் தொண்டை எரியும், கூடினால் சாறு போல் ஆகிவிடும். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டு, கசக்காதே. ஸ்ட்ராவைப் புதினாவுக்கு ஒட்டினாற்போல் வை. குடிக்கிறவர் மூக்கு இலைக்குள் போக வேண்டும்.

ஓர்ஷாவை அவர் கேனில் வாங்க மாட்டார். துறைமுகத்தில் பாதாம் வாங்கி வருவார். கால் கிலோ பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, அரை லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிவார். நாம் பாதாம் பாலுக்கு அரைப்பது போலத்தான். பிழிந்த பாலின் எடைக்கு எடை சர்க்கரை, கொதிக்கவிடாமல் லேசான சூட்டில் கரைத்து, ஆறியதும் ஆரஞ்சுப் பூ பன்னீர் சில துளி. புட்டியில் வைத்தால் மேலே எண்ணெய்த் திரை கட்டும். கெட்டுவிட்டது என்று புதுப்பையன்கள் கொட்டிவிடுவார்கள். குலுக்கினால் சேர்ந்துவிடும். கடையில் விற்கிற பலவற்றில் எசன்ஸ் வாசம்தான் இருக்கும், பாதாம் இருக்காது. 'ஓர்ஷா' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேர் பார்லி என்பதால் ஆதியில் பார்லித் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இப்போது பெயரில் மட்டும் பார்லி மிச்சம், நம் ரோஸ்மில்க்கில் ரோஜா இருப்பது போல.

எலுமிச்சை விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் கிடைப்பது பச்சையாய், பெரிதாய், விதையில்லாத பாரசீக எலுமிச்சை. நம் சந்தைக் கூறில் இருக்கும் சின்ன மஞ்சள் எலுமிச்சை கரீபியன் தீவுகளில் காய்க்கும் வகைக்கு நெருங்கிய உறவு. புளிப்பும் மணமும் கூர்மை. அதனால் வழக்கமான 30 மில்லி ஊற்றாமல் 25இல் நிறுத்துங்கள். ரம்தான் சிக்கல். நம்மூரில் ரம் என்றால் ஓல்ட் மங்க். நல்ல சரக்கு, எனக்கும் பழைய நட்பு. ஆனால் அதில் வெனிலா வாசம் முன்னால் நிற்கும். பாதாமோடு சேர்ந்தால் மாய் தாய் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடும்.

அளவுகோல் என்று ஒன்று வேண்டாமா என்று கேட்டரிங் பரீட்சை எழுதும் பிள்ளைகள் கேட்பார்கள். 1951இல் இங்கிலாந்தின் டார்க்கேயில் தொடங்கிய சர்வதேச பார்ட்டெண்டர்கள் சங்கம் தன் பட்டியலில் மாய் தாய்க்கு அளவு கொடுத்திருக்கிறது. முன்பு வெள்ளை ரம் 40, கறுத்த ரம் 20, எலுமிச்சை வெறும் 10 என்று இருந்தது. அதைச் செய்து குடித்தவர்கள் ஏன் இதற்கு இவ்வளவு பெருமை என்று கேட்டதில் நியாயம் உண்டு. பிறகு திருத்தினார்கள். இப்போது ஜமைக்கா ரம் 30, மார்த்தினிக்கின் மொலாசஸ் ரம் 30, க்யூரசாவ் 15, ஓர்ஷா 15, எலுமிச்சை 30, சர்க்கரைப் பாகு ஏழரை. 'மொலாசஸ்' என்ற ஒரு சொல்லை அங்கே சேர்த்ததில் மேலே சொன்ன சண்டையின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஓர்ஷாவை விக் போட்டதற்கு இரட்டிப்பாக்கியது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

என் சொந்த அளவுகோல் கண்ணில் தொடங்கும். நிறம் தேன்குழம்பாக, கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் கேன். மஞ்சள் என்றால் அன்னாசி. முதல் வாயில் எலுமிச்சை, நடுவில் ரம், விழுங்கிய பிறகு பாதாம். இந்த வரிசை மாறினால் கை எங்கோ தவறியிருக்கிறது.

அந்த மூல ரம்? அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்டில் மெர்ச்சன்ட் ஹோட்டல் ஒரு பழைய புட்டியைக் கண்டுபிடித்து, அதில் செய்த மாய் தாய் ஒன்றை 750 பவுண்டுக்கு விற்றது. 2023இல் ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட் பழைய பதிவேடுகளைப் பார்த்து அந்த 17 வருட ரம்மை மறுபடி உருவாக்கி 1,500 புட்டிகள் மட்டும் வெளியிட்டது. கலந்தவர் ஜாய் ஸ்பென்ஸ். 1997இல் ரம் உலகின் முதல் பெண் தலைமைக் கலவையாளராகப் பொறுப்பேற்றவர். நான் அந்தப் புட்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே பார்த்தேன்.

குயா வேலை முடிந்து கப்பலிலிருந்து சைன்-ஆஃப் ஆகிற நாள் காலையில், பயணிகள் இறங்குவதற்கு முன், பின்னறையில் அவருக்கு ஒரு மாய் தாய் போட்டேன். ஜமைக்கா 30, மார்த்தினிக் 30, அவருடைய ஓர்ஷாவே ஏழரை. பார்ட்டெண்டர்கள் கிளாசைத் தூக்கிக் குடிப்பதில்லை. ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மேல்முனையை விரலால் அடைத்து, அதில் நிற்கிற அரை ஸ்பூனை நாக்கில் விட்டுக்கொள்வோம். அவர் அப்படிச் செய்தார். கொஞ்ச நேரம் கப்பல் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு கற்கண்டுப் பாகுப் புட்டியை எடுத்து என் கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார்.